திரும்பத் திரும்பச் சத்தி, சுடுதண்ணிக்குக் கீழ நிண்டால் மட்டும் ஆறுதல்: கஞ்சாதான் காரணமோ?

வன்னிமகள் (ஸ்காபரோ, கனடா) கேட்டது:

வணக்கம். தங்கச்சியின்ர மகனுக்கு 24 வயசு. பள்ளிக்கூடக் காலத்திலயிருந்தே கஞ்சா பழக்கம். இப்ப மூண்டு வருசமா நாள் தவறாமல், கடையில வாங்கிற வேப் பேனாவும் சேர்த்து. போன வருசம் தொடங்கி இரண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா சத்தி வருது. விடியப்புறம் வயித்தைப் பிரட்டத் தொடங்கினால் மணித்தியாலத்துக்கு நாலைஞ்சு தரம். மேல்வயிறு முறுக்கி நோகும், குடிச்ச தண்ணிகூட நிக்காது. சுடுதண்ணி ஷவருக்குக் கீழ நிண்டால் அடங்கும். வெளியில வந்து துவட்டி முடிக்க முதலே திரும்பத் தொடங்கும். இரண்டு மூண்டு நாளில தானாய் நிண்டிடும், பிறகு அடுத்த முறை வருமட்டும் ஆள் நல்லாத்தான் இருப்பான்.

அவசரப் பிரிவில சேலைன் ஏத்தி, கிராவோல் எண்ட சத்தி மருந்து குடுத்து அனுப்பினவை. எண்டோஸ்கோப்பி, வயித்து ஸ்கான் எல்லாம் சரி எண்டிட்டினம். கஞ்சாவைப் பற்றி அங்க ஒருத்தரும் கேக்கேல்லை, அவனும் வாய் திறக்கேல்லை. நெட்டில தேடினால் கஞ்சாவாலேயே இப்பிடிச் சத்தி வருமெண்டு கிடக்கு. அவன் சிரிக்கிறான்: "கான்சர்காரருக்குச் சத்தி நிக்கத்தானே கஞ்சா குடுக்கினம்?"

ஒண்டு, அவன் சொல்லுறது சரியோ? இரண்டு, குறைச்சால் காணுமோ, முற்றா விடவேணுமோ? மூண்டு, சத்தி தொடங்கினால் வீட்டில என்ன செய்யிறது, எப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுறது? டொக்டரிட்ட எதை எப்பிடிச் சொல்லவேணும் எண்டும் தெரிஞ்சவை எழுதுங்கோ.

---

குடல்நோய் மருத்துவர், மதுரை:

அம்மா, நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தக வர்ணனை போலவே இருக்கிறது. கஞ்சா மிகைவாந்தி நோய்க்குறி என்பார்கள். 2004இல் தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் மலைப் பகுதி மருத்துவர்கள் ஒன்பது நோயாளிகளை விவரித்து எழுதினார்கள். அதற்கு முன் இதற்கு ஒரு பெயரே கிடையாது. நீண்ட காலக் கஞ்சாப் பழக்கம், சுற்றுச் சுற்றாக வாந்தி, விடாப்பிடியான வெந்நீர்க் குளியல், பழக்கத்தை விட்டால் நோய் நிற்பது, மறுபடி தொட்டால் நோய் திரும்புவது ஆகிய அத்தனையும் அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கின்றன.

பையன் சொல்வதில் பாதி உண்மை. கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சியைச் செயற்கையாகச் செய்த டிரோனாபினால், அதை ஒத்த நாபிலோன் ஆகிய இரண்டையும் கீமோதெரபி வாந்திக்காக அமெரிக்காவில் 1985இலேயே அங்கீகரித்துவிட்டார்கள். மூளைத்தண்டில் வாந்தியை ஆளும் பகுதியில் சிபி1 என்ற ஏற்பி (வேதிப்பொருள் வந்து பொருந்தும் புரதம்) இருக்கிறது. டிஎச்சி அளவாக வந்து அதில் அமர்ந்தால் குமட்டல் அடங்கும். அதே ஏற்பி இரைப்பை, குடல் நரம்புகளிலும் உண்டு. அங்கே அது இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். நாள்தோறும், வருடக்கணக்கில், அதிலும் இன்றைய அடர்த்தியில் டிஎச்சி ஏறிக்கொண்டே இருந்தால் இந்த ஏற்பிகள் மழுங்கி, எண்ணிக்கையிலும் குறைகின்றன. மூளை வழியாகக் கிடைத்துவந்த வாந்தித் தடுப்பு தளர்ந்துவிடுகிறது. மருந்தாகக் கொடுப்பது மில்லிகிராம் கணக்கில், சில நாட்களுக்கு. வேப் பேனாவில் இருக்கும் சாறு அறுபது, எழுபது, தொண்ணூறு சதவீதம் வரைகூட டிஎச்சி. 1990களின் நடுவில் அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் அது நான்கு சதவீத அளவில்தான் இருந்தது. பழைய தலைமுறையில் யாருக்கும் இது வரவில்லையே என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

கூடப் புகைக்கும் நண்பனுக்கு வரவில்லையே என்பதும் வாதமாகாது. தினமும் குடிப்பவர் எல்லாருக்கும் கணைய அழற்சி வருகிறதா என்ன?

நோய் மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் காலைக் குமட்டல், சாப்பிடப் பயம், வயிற்றில் இனம்தெரியாத சங்கடம். இது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட நீளும். பெரிய பொறி இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. குமட்டலுக்கு மருந்து என்று நினைத்து ஆள் கூடுதலாகப் புகைப்பான். இரண்டாவது, நீங்கள் பார்க்கும் வாந்திக் கட்டம்: பெரும்பாலும் ஓரிரு நாள், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் போகும். மூன்றாவது தேறும் கட்டம். இந்த இடைவெளியில் அவன் நன்றாக இருப்பதைப் பார்த்துத்தான் வீட்டில் ஃபுட் பாய்சன், அல்சர், திருஷ்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காலம் கடத்துவார்கள்.

நோயை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2024இல் சொன்ன அளவுகோல் நடைமுறைக்கு ஒத்துவருவது. வாந்தி தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் பழக்கம். சராசரியாக வாரத்துக்கு நான்கு தடவைக்கு மேல் உபயோகம். ஆண்டுக்கு மூன்று முறையாவது ஒரே மாதிரியான வாந்தித் தாக்குதல். பழக்கத்தை விட்டபின் நோய் நின்றுபோவது. விட்டது என்றால் குறைந்தது ஆறு மாதம், அல்லது வழக்கமான மூன்று சுற்றுகளுக்கு ஆகும் காலம். உங்கள் பையனுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று என்றால் ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை பார்க்க வேண்டும். இரண்டு மாதம் விட்டு, வாந்தி வராமல் இருந்துவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. அந்த இரண்டு மாதம் அவன் கஞ்சா இழுத்துக்கொண்டிருந்தாலும் நன்றாகத்தானே இருந்திருப்பான்!

வெந்நீர்க் குளியலை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். கஞ்சாவைத் தொட்டே பார்க்காத சுழற்சி வாந்தி நோயாளிகளிலும் கணிசமானவர்கள் வெந்நீரில் நிற்பார்கள். அவர்களிடம் ஒற்றைத் தலைவலிச் சரித்திரம் அதிகம் இருக்கும். இன்னொரு ஆபத்து, 'கஞ்சா கேஸ்' என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் அடுத்த தடவை குடல்வால் அழற்சியோடு வந்தாலும் அதே சேலைன்தான் ஏறும். ஒவ்வொரு முறையும் சர்க்கரையும் கீட்டோனும், லைப்பேஸ் (கணைய நொதி), கல்லீரல், சிறுநீரகம், உப்புகள் பார்த்தே ஆக வேண்டும். பெண்ணாக இருந்தால் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். கர்ப்ப வாந்திக்கு மருந்தென்று கஞ்சா இழுத்து இரண்டும் சேர்ந்துகொள்வது உண்டு. உடல் எடைக்கும் நீரிழிவுக்கும் போடும் செமாகுளுடைடு ஊசியையும் கேட்க வேண்டும். அதுவும் இரைப்பையை மந்தப்படுத்தும். தோல் கறுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சோடியம் குறைவாக இருந்தால் அட்ரினல் சுரப்பியை நினைக்க வேண்டும். காய்ச்சல், ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும் வலி, காலையில் மண்டை பிளக்கும் தலைவலியோடு வாந்தி இவை இருந்தால் கஞ்சாவை மறந்துவிட்டு வேறு தேடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரிதான் பதில். குறைத்தால் போதாது, முழுக்க விட வேண்டும். வார இறுதியில் மட்டும், புகைக்காமல் தின்பது மட்டும், எண்ணெய் மட்டும் என்ற பேரமெல்லாம் அடுத்த சுற்றில் போய்த்தான் நிற்கும். நம் பக்கத்துப் பாங்கும் கஞ்சாச் செடியின் இலைதான், அதுவும் விலக்கல்ல.

---

இரவுக்கடமைத் தாதி (மிசிசாகா):

அக்கா, மூண்டாவது கேள்விக்கு நான் எழுதுறன்.

வீட்டில முதல் வேலை நீரும் உப்பும். வெறும் தண்ணியை மடக்கு மடக்காய்க் குடிக்க விடாதேங்கோ. வயிறு விரிஞ்ச உடனே திருப்பி அடிக்கும். ஓஆர்எஸ் பொதி ஒண்டை, அதில எழுதியிருக்கிற அளவு தண்ணியில கரையுங்கோ. உலக சுகாதார நிறுவனத்தின்ர 20.5 கிராம் பொதி எண்டால் சரியா ஒரு லீட்டர். பொதி இல்லாட்டில் ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணிக்குத் தலை தட்டின ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிப் போட்டால் கேடு, கண்ணளவு வேண்டாம். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ஒண்டு இரண்டு தேக்கரண்டி. சத்தி எடுத்தால் பத்துப் பதினைஞ்சு நிமிசம் விட்டிட்டுத் திரும்பத் தொடங்குங்கோ. ஒரு மணித்தியாலம் நிண்டால் அளவைக் கூட்டலாம். இளநீரில பொட்டாசியம் இருக்கு, நல்லதுதான். ஆனால் மூத்திரம் போகாமல் கிடக்கிற ஆளுக்கு இளநீரை ஊத்தாதேங்கோ: சிறுநீரகம் அடிபட்டிருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும்.

சுடுதண்ணியை முற்றா மறிக்க ஏலாது. அவருக்கு அந்த நேரம் வேற ஆறுதல் கிடையாது. ஆபத்தைக் குறைக்கலாம். குளியலறைக் கதவைப் பூட்ட விடாதேங்கோ, உள்ளுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை வையுங்கோ. சூட்டில இரத்தக் குழாய் விரியும், ஏற்கெனவே நீர் வத்தின உடம்பு, எழும்பி நிண்ட கையோட மயங்கி விழுவினம். ஒரு தரத்துக்குப் பத்துப் பதினைஞ்சு நிமிசம், முன்னும் பின்னும் ஓஆர்எஸ். வலி மரத்துப்போற அளவுக்குச் சூட்டைக் கூட்டிக் கூட்டித் தோல் வெந்து வாறவையும் உண்டு. 60 பாகை தண்ணி அஞ்சு செக்கனில தோலை வேக வைக்கும். அதே 49 பாகை எண்டால் சில நிமிசம் எடுக்கும். வீட்டுத் தண்ணிச் சூடாக்கியை எத்தினையில வைச்சிருக்கு எண்டு பாருங்கோ. குழாயால வாறது 49க்கு மேல போகாமல் கலப்பு வால்வு பூட்டலாம். சூடாக்கித் தாங்கியையே இறக்கி வைக்காதேங்கோ, சூடு குறைஞ்ச தாங்கிக்குள்ள லீஜியோனெல்லாக் கிருமி வளரும்.

சுடுதண்ணிக்குப் பதிலாய் கேப்சைசின் களிம்பு இருக்கு. மிளகாயின்ர காரச் சத்து. தோலிலயும் குடலிலயும் டிஆர்பிவி1 எண்டொரு ஏற்பி இருக்கு. 43 பாகை அளவு சூடும், மிளகாய்க் காரமும் இரண்டும் அதையே தட்டி எழுப்பும். ஷவர் செய்யிற வேலையைத்தான் களிம்பும் செய்யுது. ஃபார்மசியில மூட்டுவலிக்கெண்டு 0.025, 0.075 சதவீதத்தில மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். கையுறை போட்டு, மேல்வயித்தில தொப்புளுக்கு மேல மெல்லிசாப் பூசுங்கோ. முதல் தரம் ஒரு சின்ன இடத்தில பூசி எரிவு தாங்குதோ எண்டு பார்க்கவேணும். ஆறுதல் வர அரை மணி, முக்கால் மணி செல்லும். நாளுக்கு மூண்டு நாலு தரம் வரைக்கும் பூசலாம். பிழைக்கிற இடங்கள் இவைதான்: பூசின கையால கண்ணைக் கசக்கிறது, பூசின உடனே ஷவருக்குள்ள போறது (நெருப்புப் பிடிச்ச மாதிரி எரியும், கரைஞ்சு கீழ வடிஞ்சால் அதைவிட மோசம்), மேல ஹீட்டிங் பாட் வைக்கிறது, சிரங்கு சொறி உள்ள தோலில பூசுறது. எரிவு தாங்கேலாட்டில் தண்ணியால கழுவாமல் முதல் எண்ணெய் தடவித் துடைச்சு, பிறகு சவர்க்காரம் போடுங்கோ, காரம் எண்ணெயிலதான் கரையும். குசினி மிளகாய்த்தூளைக் குழைச்சுப் பூசுற யோசனை ஆருக்காவது வந்தால் இப்பவே விடுங்கோ. அதில எவ்வளவு காரம் எண்டு ஆருக்கும் தெரியாது, தோல் கொப்பளிச்சுப் போகும்.

கிராவோல் பெரும்பாலும் இதுக்கு எடுபடாது. ஒண்டான்செட்ரோன் எண்ட மற்றச் சத்தி மருந்து சிலருக்குப் பாதி கேக்கும், பலருக்குக் கேக்காது. அவசரப் பிரிவில இப்ப முன்னுக்கு வாறது ஹாலோபெரிடோல் ஊசி. கனடாவில 33 பேரை வைச்சு ஒண்டான்செட்ரோனோட நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்ததில அதுதான் வெண்டது. ஆனால் கூடின அளவு போட்ட இரண்டு பேர் கழுத்து, தாடை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தவை. அதுக்கு மாற்று ஊசி இருக்கு, பயப்பிடத் தேவையில்லை. ஆனால் வீட்ட வந்தபிறகு கழுத்துத் திருகினாலோ, நாக்குத் தடிச்சாலோ, இருக்க நிக்க ஏலாமல் அந்தரப்பட்டாலோ உடனே திரும்பக் கூட்டிப்போங்கோ. ஊசிக்கு முதல் ஈசிஜியும் பொட்டாசியம், மக்னீசியமும் பார்க்கிறது வழக்கம். சத்தியில பொட்டாசியம் இறங்கும், அது இறங்கியிருக்கேக்க ஒண்டான்செட்ரோனும் ஹாலோபெரிடோலும் சேர்ந்தால் துடிப்புக் குழம்பலாம். வீட்டில என்ன குளிசை எத்தினை மணிக்குக் குடுத்தது எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போகச் சொல்லுறது இதுக்குத்தான்.

மோர்பின் மாதிரியான வலி ஊசி கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். அது இரைப்பையை இன்னும் மந்தமாக்கும், குமட்டலைக் கூட்டும், அதோட இன்னொரு பழக்கத்துக்கும் வாசல் திறக்கும்.

பின்வருவதில ஒண்டு இருந்தாலும் வீட்டில வைச்சுப் பார்க்காதேங்கோ. எட்டு மணித்தியாலமா மூத்திரம் இல்லை, அல்லது தேயிலைச் சாயம் மாதிரிப் போகுது. சத்தியில இரத்தம் அல்லது கோப்பித்தூள் மாதிரிக் கறுப்பு. கை விரல் விறைச்சு மடங்குது, தசை பிடிக்குது, நெஞ்சு படபடக்குது. கதை குழறுது, ஆள் மயங்குது. பன்னிரண்டு மணித்தியாலமா ஒரு தேக்கரண்டி தண்ணியும் நிக்கேல்லை. பலமா ஓங்காளிச்ச பிறகு நெஞ்சில குத்தி, கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவெண்டு காத்து ஓடினால் 911ஐ அழையுங்கோ. அது உணவுக்குழாய் கிழிஞ்சதுக்கான அடையாளமாய் இருக்கலாம்.

பல்லையும் மறக்காதேங்கோ. சத்தி எடுத்த உடனே பிரஷ் போட்டால் அமிலத்தில இளகின எனாமல் தேய்ஞ்சு போகும். ஒரு கிளாஸ் தண்ணியில ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைச்சுக் கொப்பளிச்சு, ஒரு மணித்தியாலம் விட்டுத் தீட்டச் சொல்லுங்கோ.

---

தோட்டக்காரன்77:

ஒரு சந்தேகம். கஞ்சாச் செடிக்கு அடிக்கிற வேப்பெண்ணெய்தான் இந்த வாந்திக்குக் காரணம், பூச்சிமருந்து போடாத கஞ்சா என்றால் வராது என்று பல இடத்தில் எழுதுகிறார்களே? வேப்பெண்ணெய் குடித்த குழந்தைகளுக்கு வாந்தி வருவதும் உண்மைதானே?

---

மருந்தாளுநர், கோவை:

வேப்பெண்ணெய் உள்ளே போன குழந்தைகளுக்கு வாந்தி வருவது உண்மை. கூடவே மயக்கம், வலிப்பு, ரத்தத்தில் அமிலம் ஏறுவது, கல்லீரல் கெடுவது எல்லாம் வரும். எண்ணெய் குடித்த சில மணி நேரத்தில் தொடங்கும். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வராது, வெந்நீரில் நின்றால் அடங்காது. அதோடு, ஆய்வுக்கூடத்தில் தயாராகி 'ஸ்பைஸ்' என்ற பெயரில் விற்கும் செயற்கைக் கஞ்சாப் பொருளை மட்டும் எடுத்தவர்களுக்கும் இதே நோய் வந்து பதிவாகியிருக்கிறது. அந்த மூலக்கூறுக்குச் செடியும் இல்லை, பூச்சியும் இல்லை, வேப்பெண்ணெயும் இல்லை. வேம்பின் மேல் பழி போடும் கதை பிரபலமானதற்குக் காரணம் சுலபம்: கஞ்சாவை விடாமல் பிராண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இதே வரிசையில் இன்னொன்று, 'சிபிடி (கஞ்சாச் செடியின் இன்னொரு பொருள்) மட்டும் எடுக்கிறேன், அதில் போதை இல்லை' என்பது. எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. ஆகவே வாந்தி ஆராய்ச்சிக்கு மூஞ்சூறைத்தான் பிடிப்பார்கள், பிள்ளையார் மன்னிக்கட்டும். அந்த மூஞ்சூறுகளில் சிபிடி கிலோவுக்கு 5 மில்லிகிராம் கொடுத்தபோது வாந்தி அடங்கியது, 40 மில்லிகிராமில் கூடியது. மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் மிகைவாந்தி ஒருமுறை வந்த ஆளுக்குச் சிபிடி எண்ணெய் பத்திரம் என்று சொல்ல என்னால் முடியாது. கடையில் விற்கும் சிபிடி எண்ணெய்களில் டிஎச்சி கலந்திருப்பதும் சகஜம்.

---

போதை மீட்பு ஆலோசகர், சென்னை:

விடுவதைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதனால் நான்.

தினமும் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் வாரத்தில்தான் உச்சம், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். கெட்ட கனவுகளும் தூக்கக் குழப்பமும் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். உயிருக்கு ஆபத்தான விலகல் அல்ல, குடி நிறுத்தும்போது வருவதுபோல் வலிப்பு வராது (குடியும் சேர்ந்திருந்தால் கதை வேறு, முதலில் அதைச் சொல்லுங்கள்). இந்த நாட்களில் குமட்டலும் வரலாம், அதை வைத்து 'விட்டதால்தான் வாந்தி' என்று அவன் வாதாடுவான். கால வரிசையைக் காட்டுங்கள். விலகல் குமட்டல் நிறுத்திய பிறகு தொடங்கும்; இவன் வாந்தி தினமும் புகைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே தொடங்கியது.

வாந்தி ஓய்ந்த மறுநாள்தான் பேசச் சரியான நாள். நடுவில் ஷவர் வாசலில் நின்று உபதேசம் செய்தால் காதில் ஏறாது. ஒரு மாதம் கழித்தால் மறந்திருப்பான். 'கஞ்சா கெட்டது' என்று ஆரம்பித்தால் கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து சட்டப்படி விற்கிறதே என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். ஒன்டாரியோவில் 2014 முதல் 2021 நடுப்பகுதி வரை இந்த நோய்க்காக அவசரப் பிரிவுக்கு வந்தோர் விகிதம் பதின்மூன்று மடங்கு ஆனது என்று ஆய்வு இருக்கிறது. அதைக் காட்டலாம். அதைவிட நல்லது ஒரு நாட்காட்டி. வாந்தி வந்த தேதி, எத்தனை நாள், அதற்கு முந்தைய வாரம் எவ்வளவு எடுத்தான், தூக்கம், உண்ணாமல் கிடந்த நாட்கள் என்று அவன் கையாலேயே குறிக்கட்டும். மூன்று சுற்று குறித்தபின் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

மருத்துவரிடம் மருந்து கேட்கலாம். அடுத்த சுற்று வராமல் தடுக்க அமிட்ரிப்டிலின் கொடுப்பார்கள்: படுக்கும்போது 25 மில்லிகிராமில் தொடங்கி, வாரவாரம் மெல்ல ஏற்றி 75 முதல் 100 வரை. வாய் உலரும், மலச்சிக்கல், காலையில் மந்தம் இருக்கும். ஈசிஜி பார்த்துத் தொடங்க வேண்டும். மனச்சோர்வு இருப்பவர் வீட்டில் மாத்திரைப் பட்டையை மொத்தமாகக் கையில் கொடுக்கக் கூடாது, மிகையாக விழுங்கினால் உயிர் போகும் மருந்து அது. கஞ்சாவை விடாமல் இதை மட்டும் விழுங்கினால் பலன் குறைவு.

அவன் எதற்காகப் புகைக்கிறான் என்பதை யாராவது கேட்டீர்களா? தூக்கத்துக்கா, பதற்றத்துக்கா, முதுகு வலிக்கா? அந்தக் காரணத்துக்கு வேறு சிகிச்சை தராமல் விடச் சொன்னால் மூன்றாவது வாரம் திரும்பிப் போவான். ஒன்டாரியோவில் கனெக்ஸ்ஒன்டாரியோ 1-866-531-2600 என்ற இலவச எண் நாள் முழுவதும் இயங்குகிறது. பக்கத்தில் எங்கே ஆலோசனை கிடைக்கும் என்று சொல்வார்கள். இதைத் தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்குப் போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இங்கே கஞ்சா குற்றம் என்பதால் டாக்டரிடம் சொல்லப் பயப்படுவார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை ஒருவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அந்த விலக்கை எடுத்துவிடலாம் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது.

---

வன்னிமகள்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு விசயம் கேக்கவேணும். அடுத்த முறை டொக்டரிட்ட சொல்ல ஒரு சின்னப் பட்டியல் தாங்கோ, அவன் வாய் திறக்க மாட்டான், நான்தான் எழுதிக் குடுக்கவேணும். மற்றது, போன கிழமை தொடங்கி அவன் தொடேல்லை எண்டு சொல்லுறான். ஆனால் காலமையில இன்னும் குமட்டுது, ஒருக்காச் சத்தியும் எடுத்தவன். அப்ப கஞ்சா இல்லையோ?

---

குடல்நோய் மருத்துவர், மதுரை:

ஒரு வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. டிஎச்சி கொழுப்பில் கரைந்து தங்கும் பொருள். பல வருடம் தினமும் எடுத்தவர் உடலில் அது வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும். சிறுநீர்ப் பரிசோதனை ஒரு மாதம் வரைகூட நேர்மறையாக இருக்கலாம். அதனால், நிறுத்திய மூன்றாம் வாரம் சிறுநீரில் தெரிந்தது என்று அவனைப் பொய்யன் ஆக்கிவிடாதீர்கள். ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பவும் வாரங்கள் ஆகும். பெரிய வாந்தி நின்றபின் காலைக் குமட்டல் சில வாரம் நீள்வதும், இடையில் ஒரு சின்னச் சறுக்கல் வருவதும் எதிர்பார்க்கக் கூடியதே. பட்டினி கிடந்தால் கொழுப்பு கரையும், அதோடு டிஎச்சியும் ரத்தத்துக்கு வரலாம் என்று ஒரு கருத்து உண்டு. அது சரியோ இல்லையோ, வெறும் வயிற்றில் குமட்டல் கூடும். கஞ்சி, ரசஞ்சாதம், இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். நான்கு வாரம் தாண்டியும் பழைய வேகத்தில் வாந்தி வந்தால் சுழற்சி வாந்தி நோயா, இரைப்பை மந்தமா என்று திரும்பப் பார்க்க வேண்டும். இரைப்பை காலியாகும் வேகத்தைச் சோதிப்பதானால் கஞ்சா விட்ட நிலையில்தான் சோதிக்க வேண்டும். எடுத்துக்கொண்டிருக்கும்போது செய்தால் கஞ்சாவின் மந்தத்தையே அது அளக்கும்.

சீட்டில் இவ்வளவு போதும்: எந்த வயதில் தொடக்கம், எந்த ஆண்டு முதல் தினமும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த வடிவில், பெட்டியில் போட்டிருக்கும் டிஎச்சி சதவீதம், கடைசியாக எடுத்த தேதி. வாந்தி வந்த தேதிகளும் ஒவ்வொன்றும் எத்தனை நாள் என்பதும். வெந்நீரில் அடங்குகிறதா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறான். எடை எவ்வளவு இறங்கியது. இதுவரை செய்த பரிசோதனைகள், கொடுத்த மருந்துகள், எது கேட்டது, எது கேட்கவில்லை. மது, வலி மாத்திரை, வேறு எதுவும் உண்டா. ஒற்றைத் தலைவலி குடும்பத்தில் உண்டா.

---

இரவுக்கடமைத் தாதி (மிசிசாகா):

அந்தச் சீட்டில ஒரு வரி கூட்டுங்கோ அக்கா: "கஞ்சா மிகைவாந்தியாய் இருக்குமோ எண்டு சந்தேகப்படுறம், ஹாலோபெரிடோல் அல்லது கேப்சைசின் பொருந்துமோ?" இரவு மூண்டு மணிக்கு நெரிசலான அவசரப் பிரிவில அந்த ஒரு வரி தேவையில்லாத இன்னொரு சிடி ஸ்கானையும் மோர்பின் ஊசியையும் மிச்சம் பிடிக்கலாம். சீட்டைப் பதிவு மேசையில இல்லை, பொறுப்புத் தாதியிட்டக் குடுங்கோ, முதல் இரத்த அழுத்தம் பார்க்கிற நேரத்திலேயே. மற்றது, ஓஆர்எஸ் பொதி, கையுறை, களிம்பு மூண்டையும் இப்பவே வாங்கி வையுங்கோ. விடியப்புறம் சத்தி தொடங்கேக்க ஃபார்மசி பூட்டிக் கிடக்கும்.